சிமுலேஷன் வழியே மின்புலமும் மின்னழுத்தமும்: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மின்புலத்தையும் மின்னழுத்தத்தையும் ஊடாடும் சிமுலேஷன்களைக் கொண்டு நடத்த விரும்பும் ஆசிரியர்கள் கேட்கும் கேள்விகளும், வகுப்பில் நான் செய்துபார்த்ததிலிருந்து தரும் பதில்களும் இங்கே இருக்கின்றன. மேல்நிலைப் பள்ளி மாணவர்களையும் கல்லூரி முதலாண்டு மாணவர்களையும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். எண்களையெல்லாம், மின்துகள்களுக்கு இடையிலான விசையைச் சொல்லும் கூலும் விதியின் மாறிலியை 9×10⁹ என்று வைத்துக் கணக்கிட்டிருக்கிறேன். அதனால் சிமுலேஷன் காட்டும் எண் கடைசி இலக்கத்தில் சற்று மாறலாம்.

கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் போதாதா?

கூலும் விதிக்குப் போதும். இரண்டு மின்துகள், நடுவே ஒரு தொலைவு, எதிரெதிராக இரண்டு அம்புக்குறி என்று ஒரு நிமிடத்தில் வரைந்துவிடலாம். புலம் அப்படி அடங்குவதில்லை. அது எல்லாப் புள்ளிகளிலும் இருக்கிறது. பலகையில் பத்து அம்புக்குறி வரைவதற்குள் கை ஓய்ந்துபோகும். ஒரு மின்துகளைச் சற்றே நகர்த்தினால் பத்தையும் அழித்து மறுபடி வரைய வேண்டும். அதனால் நாம் நகர்த்துவதே இல்லை. பாடநூலில் உள்ள நான்கு படங்களையே ஆண்டுதோறும் வரைகிறோம். மாணவர்களும் அந்த நான்கு படங்கள்தான் மின்புலம் என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

மைக்கேல் ஃபாரடே இளமையில் புத்தகம் கட்டும் தொழில் பழகியவர். முறையான கணிதப் பயிற்சி அவருக்கு இல்லை. விசைக்கோடுகளை அவர் சோதனைகளிலும் மனக்கண்ணிலும்தான் கண்டார். அந்தப் படத்துக்கு ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் கணித வடிவம் கொடுக்கத் தொடங்கியது 1855-56இல். ஆக, வரலாற்றில் படம் முதலில் வந்தது, சமன்பாடு பிறகு வந்தது. நம் வகுப்பில் சமன்பாடு முதலில் வருகிறது. படம் பல நேரம் வருவதே இல்லை. மின்துகளை இழுத்து நகர்த்தும்போது திரை முழுக்க அம்புக்குறிகள் திரும்புவதை ஒருமுறை பார்த்த மாணவர் அதன்பின் புலத்தை நான்கு படங்களாக நினைப்பதில்லை.

எந்தச் சிமுலேஷனை எடுத்துக்கொள்வது?

தொடங்குவதற்கு ஒன்று போதும். கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் ஃபெட் திட்டத்தில் ‘சார்ஜஸ் அண்ட் ஃபீல்ட்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது. 2001இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய திட்டம் இது. கட்டணம் கிடையாது. கணினியிலோ கைபேசியிலோ உலாவியில் திறக்கலாம். ஒருமுறை தரவிறக்கிவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். ஒரு நானோகூலும் (கூலும் என்ற மின்னூட்ட அலகில் நூறு கோடியில் ஒரு பங்கு) அளவுள்ள நேர், எதிர் மின்துகள்கள், புலத்தை அளக்கும் உணரி, அழுத்தத்தை அளந்து, அழுத்தம் ஒரே அளவாக உள்ள புள்ளிகளை இணைக்கும் சமமின்னழுத்தக் கோடும் வரையும் கருவி, அளவு நாடா, கட்டம் ஆகியவை அதில் உள்ளன. இந்தப் பக்கத்தில் வரும் எல்லாச் செயல்பாடுகளுக்கும் இவையே போதும்.

பழைய பணித்தாள்களை எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய சிமுலேஷன்கள் பல ஃபிளாஷிலோ ஜாவாவிலோ செய்யப்பட்டவை. ஃபிளாஷுக்கு அடோபி தந்த ஆதரவு 2020 டிசம்பர் 31உடன் நின்றது. ஜாவா ஆப்லெட்டுகளை இப்போதைய உலாவிகள் ஓட்டுவதில்லை. வகுப்புக்கு முந்தைய நாளே திறந்து பார்த்துவிடுங்கள்.

மின்னழுத்தம் என்றதும் மாணவர்கள் ‘தள்ளும் ஒன்று’ என்கிறார்கள். ஏன்?

அவர்கள்மேல் தவறில்லை, சொல்லே அப்படி இழுக்கிறது. அழுத்தம் என்றால் அமுக்குவது. காற்றழுத்தம், இரத்த அழுத்தம் எல்லாம் கேட்டு வளர்ந்த காது, மின்னழுத்தம் என்றதும் மின்துகளை ஏதோ நெருக்கித் தள்ளுகிறது என்றுதான் புரிந்துகொள்ளும். ஆனால் மின்துகளைத் தள்ளுவது மின்புலம். அழுத்தம் என்பது அந்த இடத்துக்கான ஒரு எண் மட்டுமே. அதற்குத் திசை கிடையாது. ஓரலகு நேர்மின்னூட்டத்தை வெகுதொலைவிலிருந்து அங்கே கொண்டுவரச் செய்ய வேண்டிய வேலையை அந்த எண் சொல்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. மின்னழுத்தம், மின்னழுத்த ஆற்றல் என்ற இரண்டு பெயர்களும் ஒரே சொல்லில் தொடங்குவதால் இரண்டும் ஒன்றே என்று படுகிறது. அழுத்தத்துக்கு அலகு வோல்ட், ஆற்றலுக்கு அலகு ஜூல். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அலகை எழுதச் சொன்னாலே இந்தக் குழப்பத்தில் பாதி விலகிவிடும்.

‘புலம்’ என்ற சொல்லோ நமக்கு உதவுகிறது. புலம் என்றால் நிலம், இடம். புலம்பெயர்தல் என்றால் இடம்பெயர்தல். மின்புலமும் இடத்தின் பண்புதான். அங்கே வேறொரு மின்துகள் வந்து நின்றாலும் நிற்காவிட்டாலும் புலம் இருக்கும். இதை வகுப்பில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். தமிழில் படிக்கும் மாணவருக்கு இது ஒரு வரப்பிரசாதம். நாம் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

முதலில் புலமா, அழுத்தமா?

விசை, புலம், அழுத்தம் என்ற பாடநூல் வரிசை எனக்குச் சரியாகவே படுகிறது. புலத்துக்கும் அழுத்தத்துக்கும் நடுவே இரண்டு வார இடைவெளி விழுவதுதான் கெடுதல். முதல் வகுப்பிலேயே இரண்டு கருவிகளையும் ஒரே புள்ளியில் வைத்துக் காட்டிவிடுங்கள்.

அந்த முதல் வகுப்பை எப்படி நடத்துவது?

திரையில் ஒரே ஒரு நேர்மின்துகள். அளவு ஒரு நானோகூலும். புல அம்புக்குறிகளையும் அழுத்த நிறத்தையும் அணைத்து வையுங்கள். கட்டமும் அளவு நாடாவும் மட்டும் தெரியட்டும். உணரியை 1 மீட்டரில் வையுங்கள். மீட்டருக்கு ஏறத்தாழ 9 வோல்ட் என்று காட்டும். எல்லோரும் எழுதிக்கொள்ளட்டும். பிறகு கேளுங்கள்: “2 மீட்டரில் எவ்வளவு இருக்கும்? தாளில் எழுதுங்கள், வாயால் சொல்ல வேண்டாம்.”

தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதம் என்று மனப்பாடமாகத் தெரிந்தவர்களில்கூடப் பலர் 4.5 என்று எழுதுவார்கள். உணரியை நகர்த்துங்கள். 2.25. இங்கே அவசரப்பட்டு விளக்கிவிடாதீர்கள். மின்னழுத்தத்தை அளக்கும் கருவியை எடுத்து 1 மீட்டரில் வையுங்கள்: 9 வோல்ட். 2 மீட்டரில் வையுங்கள்: 4.5 வோல்ட். தாளில் 4.5 எழுதியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அவர்கள் எழுதிய எண் இல்லாத எண் அல்ல, அது இன்னொரு கேள்விக்குரிய விடை. இரண்டு அளவுகளும் ஒரே இடத்தில் இருக்கின்றன, இரண்டும் தொலைவோடு குறைகின்றன, ஆனால் குறையும் விதம் வேறு. 0.5 மீட்டருக்குப் போனால் புலம் 36, அழுத்தம் 18. 3 மீட்டருக்குப் போனால் புலம் 1, அழுத்தம் 3. இந்த நான்கு தொலைவுகளையும் அட்டவணையாக்கி வரைபடம் வரைய வையுங்கள்.

கடைசியாக உணரியை எடுத்துவிட்டு, “இப்போது அந்த இடத்தில் புலம் இருக்கிறதா?” என்று கேளுங்கள். இல்லை என்று சொல்லும் குரல்கள் எழும். அதன்பிறகு அம்புக்குறிகளைப் போடுங்கள். அணைத்துவைத்தது இந்த ஒரு நொடிக்காகத்தான்.

அழுத்தம் சுழி என்றால் புலமும் சுழிதானே?

இந்தப் பாடம் முழுவதிலும் நான் அதிக நேரம் கொடுப்பது இந்தக் கேள்விக்குத்தான். தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கும் மாணவர்களிடமும் இந்த நம்பிக்கை ஆழமாக இருக்கிறது. சொல்லித் திருத்த முடியாது, அளந்து பார்த்தால்தான் போகும்.

இரண்டு நேர்மின்துகள்களை 2 மீட்டர் இடைவெளியில் வையுங்கள். நடுப்புள்ளியில் புலமும் அழுத்தமும் எவ்வளவு? முன்பே அளந்த எண்களை வைத்துக் கணிக்கட்டும். ஒவ்வொன்றும் 1 மீட்டர் தொலைவில் இருக்கிறது. அழுத்தம் 9ஐயும் 9ஐயும் கூட்டினால் 18 வோல்ட். புலமும் 9, 9தான். ஆனால் ஒன்று வலப்பக்கம், மற்றது இடப்பக்கம். கூட்டினால் சுழி.

இப்போது ஒன்றை எடுத்துவிட்டு அதே இடத்தில் எதிர்மின்துகளை வையுங்கள். அழுத்தம் 9ஐயும் கழித்தல் 9ஐயும் கூட்டினால் சுழி. புலமோ இரண்டும் எதிர்மின்துகளை நோக்கி ஒரே பக்கம் பார்க்கின்றன. மீட்டருக்கு 18 வோல்ட்.

முதல் அமைப்பில் அழுத்தம் 18, புலம் சுழி. இரண்டாவதில் அழுத்தம் சுழி, புலம் 18. அதே புள்ளி, அதே தொலைவு, அதே எண்; 18 மட்டும் அழுத்தத்திலிருந்து புலத்துக்கு மாறியிருக்கிறது. இந்த இரண்டு வரிகளை மாணவர் தம் கையாலேயே குறிப்பேட்டில் எழுத வேண்டும். அழுத்தம் ஸ்கேலர் என்பதால் குறியோடு கூட்டுகிறோம், புலம் வெக்டர் என்பதால் திசையோடு கூட்டுகிறோம் என்ற வாக்கியத்துக்கு இந்தக் கணத்தில்தான் பொருள் வருகிறது.

அடுத்த கேள்வியைத் தயாராக வைத்திருங்கள். “இருமுனையின், அதாவது இந்த நேர், எதிர் மின்துகள் இணையின், நடுப்புள்ளியில் அழுத்தம் சுழி. அங்கே ஒரு நேர்மின்துகளைக் கையிலிருந்து விட்டால் நகருமா?” நகரும். அழுத்தம் சுழியாக இருப்பதற்கும் அது நகர்வதற்கும் தொடர்பில்லை. பக்கத்தில் அழுத்தம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைப் பொறுத்ததே அது.

மலை, பள்ளம் என்ற உவமையைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. அழுத்தம் என்பது உயரம், புலம் என்பது சரிவு. நேர்மின்துகள் ஒரு கூர்மலை, எதிர்மின்துகள் ஒரு ஆழ்கிணறு. உயரமான மேட்டுநிலம் தட்டையாக இருக்கலாம். கடல்மட்டத்திலேயே செங்குத்துச் சரிவும் இருக்கலாம். முந்தைய கேள்வியின் 18, சுழி விளையாட்டு இந்தப் படத்தில் நன்றாகப் பொருந்தும். இரண்டு நேர்மின்துகள்களின் நடுப்புள்ளி இரண்டு சிகரங்களுக்கு இடையிலுள்ள கணவாய் போன்றது. உயரம் உண்டு, நிற்கும் இடத்தில் சரிவு இல்லை. துகள்களை இணைக்கும் கோட்டில் எந்தப் பக்கம் போனாலும் ஏற்றம், குறுக்கே போனால் இறக்கம்.

உவமை உடையும் இடம் எதிர்மின்துகள். மலையில் எல்லாப் பந்தும் கீழேதான் உருளும். எதிர்மின்துகளோ அழுத்தம் கூடும் பக்கம் ஏறும். ‘எல்லாம் உயர் அழுத்தத்திலிருந்து தாழ் அழுத்தத்துக்கே போகும்’ என்று மனப்பாடம் செய்தவர் இங்கே சிக்கிக்கொள்வார். ஆற்றலைக் கணக்கிடச் சொல்லுங்கள். எதிர்க்குறி கொண்ட ஒரு நானோகூலும் மின்துகள், 9 வோல்ட் இடத்தில் இருந்தால் அதன் ஆற்றல் −9 நானோஜூல். 18 வோல்ட் இடத்தில் −18 நானோஜூல். ஆற்றல் குறையும் பக்கம்தான் அது போகிறது. மின்துகளின் குறி எதுவானாலும் ஆற்றல் விதி மாறுவதில்லை.

சிமுலேஷனில் மின்புலக் கோடுகள் ஏன் இல்லை? அம்புக்குறிகள் மட்டும்தானே வருகின்றன?

நல்ல காரணத்தோடுதான் விட்டிருக்கிறார்கள் என்று எண்ணுகிறேன். கோடுகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் புலம் வலிமை என்று சொல்லிக்கொடுக்கிறோம். ஒரு புள்ளி மின்துகளிலிருந்து 16 கோடுகளைத் தாளில் வரையுங்கள். 1 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தையும் 2 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தையும் அதே 16 கோடுகள்தான் வெட்டுகின்றன. வட்டத்தின் சுற்றளவு இரு மடங்காகிவிட்டதால் நெருக்கம் பாதியாகிறது. ஆனால் புலம் பாதியாகக் குறையவில்லை, கால்வாசியாகக் குறைந்தது. நாம்தான் 9 என்றும் 2.25 என்றும் அளந்தோமே!

கோடுகள் முப்பரிமாண வெளியில் எல்லாப் பக்கமும் கோளத்தை வெட்டிச் செல்பவை. கோளத்தின் பரப்பு ஆரத்தின் இருமடியோடு வளர்வதால் அங்கே கணக்கு சரியாக வரும். தட்டையான தாளில் நெருக்கம் என்ற விதி பொய்த்துப்போகிறது. இதையே வகுப்பில் கேள்வியாக வைக்கலாம். கூர்மையான மாணவர் ஒருவர் தாமாகவே கண்டுபிடித்தால் அன்றைக்கு வேறெதுவும் நடத்த வேண்டாம்.

அம்புக்குறிக்கும் ஒரு குறை உண்டு. திரையில் பரவியிருப்பவை எல்லாம் ஒரே நீளம். வலிமையைப் பிரகாசம் காட்டுகிறது. பிரகாசத்தைக் கண்ணால் பார்த்து இரண்டு மடங்கா நான்கு மடங்கா என்று சொல்ல முடியாது. எண் தேவைப்படும்போது உணரியைத்தான் நம்ப வேண்டும். உணரியின் அம்பு வலிமைக்கேற்ப நீள்கிறது.

மின்துகள் புலக்கோட்டின் வழியேதான் போகும் என்கிறார்கள். சரியா?

கோடு நேராக இருந்து, துகளும் நிலையிலிருந்து விடப்பட்டால் மட்டுமே சரி. புலம் தருவது முடுக்கத்தின் திசையை. துகள் போகும் திசையை அதன் திசைவேகம் சொல்கிறது. கோடு வளையும் இடத்தில் துகள் தன் வேகத்தால் வெளியே விலகிப்போகும். ஃபெட்டில் ‘எலெக்ட்ரிக் ஃபீல்ட் ஹாக்கி’ என்று ஒரு பழைய ஜாவா விளையாட்டு இருக்கிறது. மின்துகள்களை அடுக்கி, பந்தை இலக்குக்குள் செலுத்த வேண்டும். பந்து போன தடமும் தெரியும். தடத்தையும் அம்புக்குறிகளையும் ஒப்பிட்டாலே போதும். அது உங்கள் கணினியில் ஓடாவிட்டால் எறிபொருளை நினைவூட்டுங்கள். புவியீர்ப்பு எப்போதும் நேர்கீழே. எறிந்த கல்லோ பரவளையத்தில் போகிறது.

சமமின்னழுத்தக் கோடு வரையும் கருவியை வைத்து என்ன செய்யலாம்?

அழகான படம் வரைந்து நிறுத்திவிடக் கூடாது. அந்தப் படத்திலிருந்து புலத்தைக் கணக்கிட வைக்கலாம். நுண்கணிதம் இன்னும் படிக்காத மாணவர்களுக்கும் இது எட்டும்.

ஒற்றை நேர்மின்துகளைச் சுற்றி 18, 15, 12, 9, 6, 3 வோல்ட் கோடுகளை வரையச் சொல்லுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் இடையே 3 வோல்ட்தான் வேறுபாடு. நாடாவால் ஆரத்தை அளந்தால் 0.5, 0.6, 0.75, 1, 1.5, 3 மீட்டர் என்று வரும். 18க்கும் 15க்கும் இடையே வெறும் 10 சென்டிமீட்டர்; 6க்கும் 3க்கும் இடையே ஒன்றரை மீட்டர். இதைத் திரையில் பார்க்கும்போது எழும் வியப்பை நான் ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன்.

அடுத்து, 3 வோல்ட்டை ஒவ்வொரு இடைவெளியாலும் வகுக்கட்டும். 30, 20, 12, 6, 2 என்று வரும். உணரியை ஒவ்வோர் இடைவெளியின் நடுவிலும் வைத்தால் ஏறத்தாழ 29.8, 19.8, 11.8, 5.8, 1.8. முதலிரண்டும் ஒட்டிவருகின்றன, கடைசி எண் மட்டும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் விலகுகிறது. ஏன் என்று கேளுங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் அதற்குள்ளேயே சரிவு மாறிவிடுகிறது. இடைவெளியைக் குறுக்கக் குறுக்க இரண்டும் ஒன்றாகும். வகைக்கெழு என்பதன் பொருள் இதுதான். கணித ஆசிரியர் அதைச் சொல்வதற்கு முன் இயற்பியல் வகுப்பில் அவர்கள் அதைத் தொட்டுவிடுகிறார்கள். சமன்பாட்டிலுள்ள கழித்தல் குறியையும் இங்கேயே முடித்துவிடலாம்: அழுத்தம் குறையும் பக்கம் உணரியின் அம்பு பார்க்கிறது.

அம்பு எப்போதும் கோட்டுக்குச் செங்குத்தாக நிற்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள். கோட்டின் வழியே நகர்ந்தால் அழுத்தம் மாறாது, வேலையும் இல்லை. அப்படியானால் அந்தத் திசையில் புலத்துக்குக் கூறு இருக்க முடியாது.

மாணவர்கள் இருபது மின்துகளை வாரிக் கொட்டி விளையாடுகிறார்கள். என்ன செய்வது?

முதல் ஐந்து நிமிடம் கொட்டட்டும். அந்த ஆசையைத் தடுத்தால் வகுப்பு முடியும்வரை மனம் அங்கேயேதான் இருக்கும். ஐந்து நிமிடம் கழித்து எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லி ஒரே ஒரு கேள்வியைக் கொடுங்கள். ‘இதை அழுத்து, அதை இழு’ என்று வரிக்கு வரி கட்டளையிடும் பணித்தாள் கைக்கு வேலை கொடுக்கும், மூளைக்குக் கொடுக்காது. “புலம் சுழியாகவும் அழுத்தம் சுழி அல்லாமலும் உள்ள ஓர் இடத்தைக் கண்டுபிடி” என்ற ஒற்றை வரிக் கேள்வி அரைமணி நேரம் தாங்கும்.

கணிப்பைத் தாளில் எழுதாமல் யாரும் திரையைத் தொடக் கூடாது என்பது என் வகுப்பில் மாறாத விதி. எழுதாதவர் எந்த விடை வந்தாலும் “நானும் அதைத்தான் நினைத்தேன்” என்பார், உண்மையாகவே அப்படி நம்பவும் செய்வார்.

ஒரே ஒரு கணினியும் ஒரு புரொஜெக்டரும்தான் இருக்கின்றன.

போதும். சுட்டியை நீங்கள் வைத்திருங்கள், முடிவை வகுப்பு எடுக்கட்டும். கேள்வியைப் போட்டு, விடைக்குக் கை உயர்த்தச் சொல்லி, எண்ணிக்கையைப் பலகையில் எழுதுங்கள். பக்கத்து இருக்கைக்காரரோடு இரண்டு நிமிடம் வாதிடவிட்டு மறுபடி எண்ணுங்கள். அதன்பிறகே அளவு. வகுப்பு இரண்டாகப் பிரிந்து நிற்கும்போது உணரி நகர்வதை எல்லாக் கண்களும் பார்க்கும். ஆளுக்கொரு கணினி இருந்த வகுப்புகளைவிட இப்படி நடந்த சில வகுப்புகள் எனக்கு நிறைவாக இருந்தன.

அப்படியானால் ஆய்வகச் சோதனையை விட்டுவிடலாமா?

வேண்டாம். ஃபெட் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார்கள். சிமுலேஷனில் மின்சுற்று அமைத்துப் பழகிய மாணவர்கள், உண்மையான கருவிகளோடு பழகியவர்களைவிட, கருத்துக் கேள்விகளிலும் உண்மையான சுற்றை இணைப்பதிலும் நன்றாகச் செய்தார்கள் என்று அது காட்டியது. மதிக்க வேண்டிய முடிவுதான், ஆனால் அது மின்சுற்றைப் பற்றியது. புலத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சிமுலேஷன் காட்டும் எண் எங்கிருந்தோ வந்த எண் அல்ல என்பதை மாணவர் ஒருமுறையாவது கையால் உணர வேண்டும்.

தட்டையான தட்டில் சிறிது தண்ணீர், அடியில் வரைபடத்தாள், இரண்டு உலோக மின்முனைகள், ஒரு 9 வோல்ட் மின்கலம், ஒரு வோல்ட்மீட்டர் இருந்தால் சமமின்னழுத்தக் கோடுகளை வரைந்துவிடலாம். மின்கலத்தை மட்டுமே பயன்படுத்துங்கள், சுவர் மின்சாரத்தை ஒருபோதும் தொடாதீர்கள். மின்கடத்தும் கரித்தாள் கிடைத்தால் இன்னும் நேர்த்தியாக வரும்.

ஒரு எச்சரிக்கை. தண்ணீர்த் தட்டில் மின்னோட்டம் தட்டையாகவே பரவுவதால் அங்கே அழுத்தம் மடக்கைச் (லாகரிதம்) சார்பில் குறைகிறது; புள்ளி மின்துகளைப் போலத் தொலைவுக்கு எதிர்விகிதத்தில் அல்ல. ஆகவே கோடுகளுக்கு இடையிலான தொலைவு சிமுலேஷனோடு ஒத்துவராது. ஒரே அளவுள்ள இரண்டு மின்முனைகளுக்கு நடுவே ஓடும் நேர்கோடு ஒத்துவரும். எது ஒத்துவர வேண்டும், எது ஒத்துவரத் தேவையில்லை என்பதை முன்பே தெரிந்துவைத்திருந்தால், ‘சோதனை தப்பாகிவிட்டது’ என்று மாணவர் சோர்ந்துபோகாமல் காக்கலாம்.

சிமுலேஷன் எங்கே நம்மைத் தவறாக வழிநடத்தும்?

மின்துகளை இழுத்தால் திரையின் மறுகோடியில் உள்ள அம்பும் அந்தக் கணமே திரும்புகிறது. இயற்கையில் அப்படி நடப்பதில்லை. மாற்றம் ஒளியின் வேகத்தில்தான் பரவும்; ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 3.3 நானோவினாடி ஆகும். கண்ணுக்கு எட்டாத நேரம் என்றாலும், ‘புலம் உண்மையான ஒன்றா, கணக்குக்கான கற்பனையா’ என்று கேட்கும் மாணவருக்கு இந்தத் தாமதத்தைவிட நல்ல பதில் இல்லை.

திரையில் மின்துகள்கள் வைத்த இடத்திலேயே நிற்கும், ஒன்றையொன்று தள்ளாது. ஏதோ ஒன்று அவற்றைப் பிடித்துவைத்திருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். இதில் கடத்திகளும் இல்லை. கடத்திக்குள் புலம் சுழி என்பதை வேறு வழியில்தான் நடத்த வேண்டும். நாம் பார்ப்பது முப்பரிமாண வெளியின் ஒரு வெட்டுத்தளம் மட்டுமே. திரையில் வட்டமாகத் தெரிவது உண்மையில் கோளம்.

நிரல் எழுதத் தெரிந்த மாணவர்களுக்கு?

பைத்தானில் முப்பது வரியில் ஒரு புல வரைபடம் வரைந்துவிடலாம். ஒவ்வொரு மின்துகளின் புலத்தையும் கூட்டினால் மொத்தப் புலம் என்ற மேற்பொருந்துதல் தத்துவத்தைச் சுழற்சிக்குள் ஒரு கூட்டலாக எழுதிப் பார்த்தவருக்கு அதை மறுபடி விளக்க வேண்டியிருக்காது. முப்பரிமாணம் வேண்டுமானால் உலாவியிலேயே ஓடும் வி-பைத்தான் இருக்கிறது.

புரிந்ததா என்று எப்படிச் சோதிப்பது?

சமன்பாட்டில் எண்ணைப் போட்டு விடை எடுக்கும் கேள்விகளால் முடியாது. நான் வைத்திருக்கும் இரண்டு கேள்விகளைத் தருகிறேன். இரண்டையும் முதலில் தாளில் செய்து, பிறகு சிமுலேஷனில் சரிபார்க்கலாம்.

முதலாவது: மூலைவிட்டம் 2 மீட்டர் கொண்ட சதுரத்தின் நான்கு மூலைகளில், ஒவ்வொன்றும் ஒரு நானோகூலும் அளவுள்ள நான்கு மின்துகள்கள். மையத்தில் புலமும் அழுத்தமும் என்ன? நான்கும் நேர் என்றால் புலம் சுழி, அழுத்தம் 36 வோல்ட். நேரும் எதிரும் மாறிமாறி வந்தால் இரண்டும் சுழி. ஒரு பக்கத்து இரண்டு மூலைகளும் நேர், எதிர்ப்பக்கத்து இரண்டும் எதிர் என்றால் அழுத்தம் சுழி, புலம் மீட்டருக்கு ஏறத்தாழ 25.5 வோல்ட். அதே நான்கு மின்துகள்கள் இடம் மாறி நின்றால் என்ன ஆகிறது என்பதை மாணவர் தம் சொற்களில் எழுத வேண்டும். மதிப்பெண் அந்த எழுத்துக்குத்தான்.

இரண்டாவது எனக்கு மிகவும் பிடித்தது. நான்கு நேர்மின்துகள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து 4 நானோகூலும் ஆக்குங்கள். அதிலிருந்து வலப்பக்கம் 1 மீட்டரில் ஒரு எதிர்மின்துகள். இரண்டும் இருக்கும் கோட்டின்மேல் புலம் சுழியாகும் இடம் எது? அழுத்தம் சுழியாகும் இடம் எது? புலம் ஒரே இடத்தில் சுழியாகிறது: பெரிய மின்னூட்டத்திலிருந்து 2 மீட்டரில், எதிர்மின்துகளைத் தாண்டி. அங்கே அழுத்தம் 9 வோல்ட். அழுத்தம் இரண்டு இடங்களில் சுழியாகிறது: 0.8 மீட்டரிலும், ஏறத்தாழ 1.33 மீட்டரிலும். அந்த இரண்டு இடங்களிலும் புலம் சுழி அல்ல, 0.8 மீட்டரில் மீட்டருக்கு 281 வோல்ட்.

பிறகு கோடு வரையும் கருவியை 0.8 மீட்டரில் வைத்துச் சுழி வோல்ட் கோட்டை வரையச் சொல்லுங்கள். எதிர்மின்துகளைச் சுற்றி ஒரு வட்டம் வரும், 1.33 மீட்டர் வழியாகப் போகும். மற்ற கோடுகளெல்லாம் முட்டையும் அவரைவிதையுமாக நெளிந்திருக்க, இது மட்டும் ஏன் சரியான வட்டம்? இரண்டு புள்ளிகளிலிருந்து உள்ள தொலைவுகள் 4க்கு 1 என்ற மாறாத விகிதத்தில் இருக்கும் புள்ளிகளின் தொகுப்பு அது. பண்டைய கிரேக்கக் கணிதர் அப்பல்லோனியஸின் பெயரால் அறியப்படும் வட்டம். நாடாவை எடுத்து அளக்கச் சொல்லுங்கள்: ஆரம் ஏறத்தாழ 27 சென்டிமீட்டர், மையமோ எதிர்மின்துகளின்மேல் இல்லாமல் 7 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும்.